வெலிச்காவின் எலும்புக்கு ஒரு வாக்கெடுப்பு

வெலிச்காவின் முதுகில், இடுப்போடு சேரும் இடத்தில் இருக்கும் எலும்பு, கீழே உள்ள எலும்பின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டியது, எப்போதோ முன்பக்கமாக வழுக்கிப் போயிருந்தது. எப்போது வழுக்கியது என்று அவளுக்குத் தெரியாது. கமெனா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சமையல்காரியாக இருக்கிறவள். பீன்ஸ் சூப் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி இறக்கி முதுகு வலிப்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் வலி முதுகோடு நிற்காமல் இடது தொடை வழியாக இறங்கிக் கணுக்கால் வரை போனது. தும்மினால் கால் கட்டைவிரலில் ஷாக் அடித்தது. காலையில் காலுறை மாட்டக் குனிய முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஸ்பாஸ் வந்து மாட்டிவிட்டான். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் பெரிதாகப் பேசமாட்டான். "சின்னப் பிள்ளை மாதிரி கால நீட்டுறியே" என்று மட்டும் சொன்னான்.

ஊர் டாக்டர் எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடுக்கி வைத்த தட்டுகளில் ஒன்றை யாரோ விரலால் நெட்டித் தள்ளியது போலிருந்தது. பயப்பட வேண்டாம், இதற்கு வழி நிறைய இருக்கிறது என்றார். முறையாக உடற்பயிற்சி செய்தாலே பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், வலி மீறினால் ஊசி, பெல்ட், எதுவுமே கேட்காவிட்டால்தான் ஆபரேஷன் என்று பொறுமையாக விளக்கினார். வெலிச்காவுக்குப் பாதி வலி அங்கேயே குறைந்தது. அப்படியானால் உடற்பயிற்சிக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரேவை உறைக்குள் போட்டார். "அதத்தான் நான் செய்ய முடியாதும்மா. தேசிய முதுகெலும்பு நிலையம் தொறந்ததுக்கு அப்புறம், முதுக நாங்க தொடக்கூடாது. எல்லா சிகிச்சையையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்லாம ஒரு சிகிச்சைய மட்டும் எழுதிக் குடுக்கிறது குத்தம். எல்லாத்தையும் விளக்கற உரிமை அவங்களுக்கு மட்டும்தான்."

நிலையம் மலைமேல் இருந்தது. ஒரே கட்சி நாட்டை ஆண்ட காலத்தில் அதன் பெரியவர்கள் வெந்நீர் ஊற்றில் குளிக்கக் கட்டிய மாளிகை. கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை பளிங்குப் படிகள். பக்கத்தில் கைப்பிடி கிடையாது. ஸ்பாஸ் அவள் கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றினான். நாலு படிக்கு ஒரு தரம் நின்றார்கள். மேலே வாசலில் இயக்குநர் பேராசிரியர் ஹரிஸானோவ் புதிய நோயாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டு, வெள்ளை மீசை, குள்ளமான உருவம். மூச்சு வாங்க நின்ற ஒரு கிழவர் படிகளைப் பற்றி ஏதோ முனகியதும் அவர் முகம் மலர்ந்தது.

"படியப் பத்திக் கேக்கறீங்களா, ரொம்ப சந்தோஷம். ஏற முடியறவங்களுக்கு அவசர சிகிச்சை தேவையில்ல. ஏற முடியாதவங்க வந்து சேரறதில்ல. அதனாலதான் இந்த நாட்டுலயே காத்திருப்பு இல்லாத ஒரே நிலையம் எங்களோடது."

உள்ளே பெரிய கூடத்தில் வரவேற்புரை. சுவரோரமாக நாற்காலிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. உட்காருவது முதுகுக்குக் கெடுதல் என்று உடற்பயிற்சித் துறையும், நிற்பது கெடுதல் என்று சேற்றுக் குளியல் துறையும் கருத்துச் சொல்லியிருந்ததால், ஆலோசனைக் குழு முடிவெடுக்கும் வரை நாற்காலிகளை எடுத்துப் போடக் கூடாதாம். முடிவு வரும் வரை நோயாளிகள் நின்றார்கள். வெலிச்கா ஒரு தூணில் சாய்ந்துகொண்டாள்.

"மத்த நாடுகள்ல நோயாளிக்கு சிகிச்சை குடுக்கறாங்க" என்று தொடங்கினார் இயக்குநர். "நாங்க வாய்ப்பு குடுக்கறோம். யோசிச்சுப் பாருங்க, சிகிச்சைய ஒரு தடவதான் குடுக்க முடியும். குடுத்ததும் தீர்ந்துபோச்சு. வாய்ப்ப எத்தன தடவ வேணும்னாலும் குடுத்துட்டே இருக்கலாம்."

ஊழியர்கள் கைதட்டினார்கள். நோயாளிகளில் கைதட்ட முடிந்தவர்களும் தட்டினார்கள்.

முதலில் அவளை அறுவை சிகிச்சைத் துறைக்கு அனுப்பினார்கள். துறைத் தலைவர் டாக்டர் த்ராகியெவுக்கு எக்ஸ்ரேவைப் பார்த்ததும் கண் பளபளத்தது. இரண்டு ஆணி, ஒரு தகடு, வழுக்கின எலும்பை இழுத்துப் பிடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, தன் கைகளை மேஜைமேல் விரித்து அவளுக்குக் காட்டினார். நல்ல கைகள்தான். ஆனால் உடற்பயிற்சி செய்தும் குணமாகவில்லை என்று உடற்பயிற்சித் துறை சான்று கொடுத்தால்தான் அவரால் கத்தியைத் தொட முடியும்.

உடற்பயிற்சித் துறைத் தலைவர் போனெவ் தோளகன்ற ஆள். முன்னாள் மல்யுத்த வீரர். அறுவைக்காரர்களைப் பற்றி அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. ஆணியடிக்கத் தச்சன் போதும், உடம்பைத் தாங்குவது தசைதான், வயிற்றையும் முதுகையும் பலப்படுத்தினால் எலும்பு அதன் போக்கில் கிடக்கும் என்றார். வெலிச்கா உடனே ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். அவளைத் தரையில் மல்லாக்கப் படுத்துக் காலை மடக்கச் சொன்னார். அவள் கத்தினாள். இறுகிக் கிடக்கிற உடம்பை அவர் தொடமாட்டார், சேற்றுக் குளியலில் முதலில் இளக்கிக்கொண்டு வர வேண்டும்.

சேற்றுக் குளியல் துறை கீழ்த்தளத்தில் இருந்தது. தலைவி தின்கோவா அம்மாள் கந்தக வாசனையோடு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சேற்றில் ரோமானியத் தளபதிகள் படுத்திருக்கிறார்கள் என்றார். அவர்கள் குணமானார்களா என்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெலிச்காவுக்கு அந்தச் சூடான சேற்றுத் தொட்டியைப் பார்த்ததுமே அப்படியே விழுந்து கிடக்கலாம் போலிருந்தது. ஆனால் ஆபரேஷன் ஆகக்கூடிய உடம்பைச் சேற்றில் போட அனுமதி இல்லை. இந்த அம்மாவுக்கு ஆபரேஷன் தேவையே படாது என்று த்ராகியெவ் கையெழுத்துப் போட வேண்டும்.

த்ராகியெவிடம் திரும்பிப் போனாள். உடற்பயிற்சியின் முடிவு தெரியாமல் அதை எப்படிச் சொல்ல முடியும் என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார்.

அன்று முழுக்க வெலிச்கா மூன்று தளங்களிலும் ஏறி இறங்கினாள். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அடுத்த மாதமும் வந்தாள். பனிக்காலம் முழுக்க வந்தாள். ஒவ்வொரு முறையும் எல்லா வழிகளையும் முதலிலிருந்து விளக்கினார்கள். விளக்கம் புரிந்தது என்று அவள் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டாள். ஸ்பாஸ் கீழே காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். அவள் இறங்கி வருவதைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கதவைத் திறப்பான். என்ன ஆச்சு என்று கேட்பதைக் கொஞ்ச நாளில் விட்டுவிட்டான்.

தாழ்வாரத்தில் அவளுக்கு ஒரு ஆள் பழக்கமானார். பெயர் மின்கோ. கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசித்தவர். வாத்தியத்தின் கனத்தில் முதுகு போனது. ரொம்ப வருஷமாக வந்துகொண்டிருந்ததால் நிலையம் அவரைக் கௌரவ நோயாளியாக அறிவித்துச் சுவரில் படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழேயே சுவரைப் பிடித்தபடி நிற்பார்.

"எதையும் தேர்ந்தெடுத்துடாதம்மா" என்று அவர் ஒரு நாள் தணிந்த குரலில் சொன்னார். "நான் ஒரு தடவ ஊசின்னு சொல்லித் தொலச்சேன். அதுக்கப்புறம் மூணு துறையும் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல."

"அப்ப வலிக்கு என்ன பண்றீங்க?"

"அதுவா, வலிக்குது" என்றார் மின்கோ.

வசந்த காலத்தில் வியன்னாவிலிருந்து ஒரு நிபுணர் நிலையத்தைப் பார்வையிட வந்தார். அவருக்குக் காட்டுவதற்கு ஒரு நோயாளி வேண்டும். வெலிச்கா நிமிர்ந்து நிற்பாள், பார்க்க லட்சணமாக இருப்பாள் என்று அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். நிபுணர் அவள் முதுகை விரலால் அமுக்கி, வலிக்கிறதா என்று பக்கத்திலிருந்தவர் மூலம் கேட்டார். அவள் கண்ணில் நீர் வர, ஆமாம் என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் அப்படித்தான் ஆட்டுவோம், இல்லை என்றால் மேலும் கீழுமாக அசைப்போம். வியன்னாக்காரர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறவர்கள். அவர் காலை அமுக்கினார், இடுப்பை அமுக்கினார். அவளும் ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எங்குமே வலி இல்லை, இது ஓர் அபூர்வமான நிலை என்று எழுதி வைத்துவிட்டு விமானம் ஏறிப் போனார்.

அவர் எழுதியது தவறு என்பது மூன்று துறைத் தலைவர்களுக்கும் தெரியும். ஆனால் சர்வதேசக் கருத்து ஒன்று வந்துவிட்ட பிறகு உள்ளூர் ஆட்கள் அதை மறுத்தால் நாட்டுக்கு மரியாதையாக இருக்காது. ஆகவே வெலிச்காவின் விஷயம் ஆலோசனைக் குழுவின் முழுக் கூட்டத்துக்கு வந்தது. அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தின் மூலையில் நின்றாள். எக்ஸ்ரேவைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். தன் எலும்பை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எலும்பு எவ்வளவு தூரம் வழுக்கியிருக்கிறது என்பதுதான் விவாதம். த்ராகியெவ் அளந்தால் இரண்டாம் நிலை. அது ஆபரேஷனுக்கு உரியது. போனெவ் அளந்தால் முதல் நிலை. அது உடற்பயிற்சிக்கு உரியது. இருவருடைய அளவுகோலும் ஒரே அளவுகோல்தான். தின்கோவா அம்மாள் எழுந்து, மேலே உள்ள எலும்பு முன்னால் போகவே இல்லை, கீழே உள்ள எலும்புதான் பின்னால் போயிருக்கிறது, இதைச் சேறுதான் இழுக்கும் என்றார். அதன் பிறகு தேநீர் வந்தது. தேநீருக்குப் பிறகும் யாரும் இறங்கி வரவில்லை. இயக்குநர் ஹரிஸானோவ் எழுந்து, விஞ்ஞானம் ஒரு முடிவுக்கு வராத இடத்தில் ஜனநாயகம் வர வேண்டும் என்றார். கை தூக்கச் சொன்னார்.

வெலிச்காவும் கை தூக்கினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க பார்வையாளர்."

"எலும்பு என்னோடதுங்களே."

"எலும்பு உங்களோடதுதான், யார் இல்லேன்னா? எலும்போட நிலை எங்களோடது."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். வாக்குகள் மூன்றாகச் சிதறிச் சமமாக நின்றன. அப்படி நின்றால் இயக்குநர் எந்தத் துறையின் மனமும் நோகாமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, எலும்பு வழுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று துறையும் நிம்மதியாக மூச்சு விட்டது. த்ராகியெவ் போனெவின் கையைக் குலுக்கினார். சிகிச்சை எதுவும் இல்லாமலே சரியான நோயாளிகளின் பட்டியலில் வெலிச்காவைச் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில்தான் ஆட்கள் அதிகம் என்று இயக்குநர் பெருமையோடு சொன்னார்.

கீழே இறங்கி வந்ததும் அவளே ஸ்பாஸிடம் சொன்னாள். "எனக்கு ஒண்ணுமில்லயாம்."

ஸ்பாஸ் அவள் காலைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். பிறகு காரைச் சுற்றி வந்து உட்கார்ந்தான். ரேடியோவைப் போடாமலே வண்டியைக் கிளப்பினான்.

ஒன்றுமில்லை என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அதுவரை பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அவளைக் காய்கறி நறுக்க மட்டும் விட்டிருந்தாள், அண்டாவை வேறு பெண்கள் இறக்கினார்கள். இப்போது நிலையமே எலும்பு சரி என்று எழுதிவிட்டது. தலைமையாசிரியை நல்லவள்தான். அவளுக்கும் மேலே ஆள் இருந்தது. "நான் என்ன பண்ணட்டும் வெலிச்கா, நீ இப்ப நல்லாயிருக்கேன்னு எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். வெலிச்கா மறுபடியும் அண்டா தூக்கினாள். வேலையை விட்டுவிடு என்று ஸ்பாஸ் சொன்னான். ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் என்று இவள் இழுத்துக்கொண்டே போனாள்.

இப்படியே இன்னொரு வருஷம் போனது. அதற்கடுத்த பனிக்காலத்தில் இடது பாதம் மரத்துப்போனது. வலி குறைந்தது. அதை நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டாள். நடக்கும்போது முன்பாதம் மேலே எழவே இல்லை, செருப்பு தரையில் தேய்ந்தது. ஒரு மத்தியான வேளை, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள், பீன்ஸ் சூப் அண்டாவை இன்னொருத்தியோடு பிடித்துக்கொண்டு வந்தவளுக்குப் பாதம் கதவு நிலையில் தடுக்கியது. இன்னொருத்தி சுதாரித்து அண்டாவைப் பிள்ளைகள் இல்லாத பக்கமாகச் சாய்த்தாள். பிள்ளைகள் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. வெலிச்கா சூப்பின் நடுவே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. சிறுநீர் போனது அவளுக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு நிலையத்தின் படி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். நேரே மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கட்டடம். அங்கே இருந்த அறுவை மருத்துவர் பெண். பெயர் ஸ்தமாதோவா. தூங்காத கண்கள், சிடுசிடுத்த முகம். பழைய எக்ஸ்ரேவையும் புதுப் படத்தையும் பார்த்தாள், பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தாள், எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

வெலிச்காவுக்குப் பழக்கம் விடவில்லை. படுத்தபடியே, இதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேட்டாள்.

"வழியெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சு" என்றாள் ஸ்தமாதோவா. "அப்ப நாலஞ்சு இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு. இன்னிக்கே பண்ணணும்."

முதுகைத் தொடக் கூடாது என்ற விதியை ஸ்தமாதோவா பொருட்படுத்தவில்லை. அன்றே செய்தார்கள். வழுக்கின எலும்பை இழுத்து நிறுத்தி ஆணிகளால் பிணைத்தார்கள். சிறுநீர்ப் பை பிழைத்துக்கொண்டது. காலில் இறங்கின வலி போனது. பாதத்தில் மட்டும் பலம் முழுசாகத் திரும்பவில்லை. முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செருப்புக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பாதம் பலப்படுமா என்று ஸ்பாஸ் கேட்டான். முன்னமே வந்திருந்தால் என்று தொடங்கிய ஸ்தமாதோவா பாதியில் நிறுத்திவிட்டு, தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் காட்டிக் கொடுத்தாள். முதுகு கூடும் வரை குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அண்டா வேலை அதோடு முடிந்தது.

கோடையில் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆண்டு விழாவாம். தலைநகரிலிருந்து துணை அமைச்சர் வருகிறார். நிலையம் விளக்கிச் சொன்ன வழிகளில் ஒன்றைத் தன் சொந்த விருப்பப்படி தேர்ந்தெடுத்துக் குணமான நோயாளி என்று வெலிச்காவைக் கௌரவிக்கப் போகிறார்கள். ஸ்பாஸ் போனைப் பிடுங்கித் திட்டப் போனான். அவள் தடுத்தாள். வருகிறேன் என்றாள்.

அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மேடையில், மைக்கில், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நாலஞ்சு வழி இருந்தது என்று சொல்ல வேண்டும். வேறொன்றும் வேண்டாம். மலை ஏறும்போது காரில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மைக் நோயாளிகளுக்குக் கிடையாது. நோயாளியைக் காட்டுவார்கள், பேசுவதை இயக்குநர் பேசுவார். ஹரிஸானோவ் நிறையப் பேசினார். நோயாளி தன் காலில் தானே நடந்து வந்ததைப் பாருங்கள் என்றார். எல்லோரும் அவள் பாதத்தைப் பார்த்தார்கள். நீளப் பாவாடை பட்டையை மறைத்திருந்தது. கூட்டத்தில் மின்கோ சுவரைப் பிடித்து நிற்பதை அவள் பார்த்தாள். அவர் கை தட்டவில்லை, தட்டினால் விழுந்துவிடுவார்.

பிறகு பதக்கம். பட்டு நாடாவில் கோர்த்த வெண்கல முதுகெலும்பு ஒன்று. துணை அமைச்சர் இயக்குநரையும்விடக் குள்ளம். வெலிச்கா நெடுநெடு என்று வளர்ந்தவள், இப்போது ஆணிகளால் இன்னும் நிமிர்ந்து நின்றாள். அமைச்சர் நாடாவை விரித்துப் பிடித்தபடி நுனிக்காலில் எக்கினார். எட்டவில்லை.

"கொஞ்சம் குனியுங்கம்மா" என்றார் இயக்குநர்.

"குனியக் கூடாதுங்க."

"யாரு சொன்னா?"

"மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா."

இயக்குநரின் முகம் மாறியது. குனியாமல் இருப்பதற்கு மாற்று வழிகள் என்னென்ன என்று அந்த டாக்டர் விளக்கினாரா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் அந்த அறிவுரை செல்லாது என்றார். ஆனால் நோயாளியைக் குனியச் சொல்லும் அதிகாரம் இயக்குநருக்குத் தனியாக இல்லை. ஆலோசனைக் குழு மேடையிலேயே கூடியது. ஆணி போட்ட முதுகு குனியாது என்றார் த்ராகியெவ், தான் போட்ட ஆணி மாதிரி ஒரு பெருமையோடு. முறையாகப் பழக்கினால் எந்த முதுகும் குனியும் என்றார் போனெவ். குனிவதா நிமிர்வதா என்பதே தவறான கேள்வி, அமைச்சரை ஒரு நாற்காலிமேல் ஏற்றலாமே என்றார் தின்கோவா அம்மாள். நாற்காலிகள் பற்றிய முடிவு இன்னும் வரவில்லை என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். துணை அமைச்சர் நாடாவை விரித்துப் பிடித்த கைகளை இறக்காமல் நின்றார்.

இயக்குநர் வாக்கெடுப்புக்கு அழைத்தார்.

வெலிச்கா மைக்கைப் பார்த்தாள். அது பக்கத்தில்தான் இருந்தது, யாரும் பிடித்திருக்கவில்லை. காரில் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய் வரை வந்தது. மேடையில் தூக்கிய கைகளையும் இறக்கிய கைகளையும் பார்த்தாள். யாரிடம் சொல்வது என்று அலுப்பாக இருந்தது. மேடைப் பக்கவாட்டில் இறங்கினாள். மின்கோ நிற்கும் இடத்தில் நின்று, மாவட்ட ஆஸ்பத்திரி, ஸ்தமாதோவா என்று இரண்டே வார்த்தை அவர் காதில் சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார். சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

படிகளில் அவள் பட்டை போட்ட பாதத்தை முதலில் வைத்து மெதுவாக இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அவள் தோளைப் பிடித்தபடி மின்கோவும் இறங்கினார். ஸ்பாஸ் காரைவிட்டு வெளியே வந்து பின் கதவையும் திறந்தான்.

"என்ன முடிவு பண்ணாங்க?"

"கை தூக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

அடிவாரத்தில், மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சாலையில், ஒரு கடையில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த பாலாடைக்கட்டிப் பணியாரம் மணத்தது. ஸ்பாஸ் மூன்று பணியாரமும் மோரும் வாங்கினான். வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது, ஓரத்தில் உயரமான மேஜையும் இருந்தது. உட்கார்ந்து சாப்பிடலாமா, நின்று சாப்பிடலாமா என்று அவன் சும்மாதான் கேட்டான்.

வெலிச்காவும் மின்கோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.